ஜீப்புக்குக் கண்ணு தெரியல!

பெங்களூர்ல பொட்டி தட்டுற எனக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, சித்தப்பாதான் சம்பந்தம். பரங்கிப்பேட்டையில அவர்கிட்ட ஒரு மகேந்திரா எம்.எம்.540 இருக்கு. பெஜோ டீசல் என்ஜின், 1990-கள்ல வாங்கினது. மீன் ஏலத்துக்காக ராத்திரி மூணு மணிக்கு அன்னங்கோவில் போறதிலிருந்து, தெருவுல யாருக்காவது நெஞ்சுவலின்னா சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடுறது வரைக்கும் எல்லாத்துக்கும் அந்த வண்டிதான்.

போன மார்கழியில சித்தி ஒரு முடிவு எடுத்துட்டாங்க. "இனிமே ராத்திரியில வண்டி எடுக்கக் கூடாது. இல்ல, வித்துடுங்க." காரணம் இருக்கு. பி.முட்லூர் ரோட்டுல பின்விளக்கு இல்லாம போன ஒரு சைக்கிள்காரர், கடைசி நிமிஷத்துலதான் சித்தப்பா கண்ணுல பட்டிருக்கார். நூலிழையில தப்பிச்சது. சித்தப்பாவுக்கு 61 வயசு. எல்லாரும் அவர் கண்ணைத்தான் குறை சொன்னாங்க. கண் டாக்டரோ, "கண்ணாடி போட்டா போதும், புரை எல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னுட்டார். அப்போ கண்ணு தெரியாதது யாருக்கு? ஜீப்புக்குத்தான்!

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க மக்களே. மணிக்கு 60 கிலோமீட்டர்னா, வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். எதிர்ல ஆள் நிக்கிறதைப் பார்த்து பிரேக்குல கால் வைக்க ஒரு வினாடி. அதுக்கு மேல அந்தப் பழைய டிரம் பிரேக் வண்டியை நிறுத்த இன்னும் ஒரு 28 மீட்டர். ஆக மொத்தம் 45 மீட்டர். வெளிச்சம் 30 மீட்டர் வரைக்கும்தான் விழுதுன்னா? மிச்சம் 15 மீட்டருக்கு சாமிதான் வண்டி ஓட்டணும்.

ஒரு பழைய விஷயம் சொல்றேன். இரண்டாம் உலகப்போர்ல ஓடின வில்லிஸ் ஜீப்போட ஹெட்லைட்டை அப்படியே பின்னாடி திருப்பி என்ஜின் மேல அடிக்கலாம். ராத்திரி ரிப்பேர் பார்க்க வசதி! ஆனா அதுல இருந்தது 6 வோல்ட் மின்சாரம். அந்தக் குடும்பத்துல வந்த நம்ம ஜீப்புக்கு 12 வோல்ட், அதே வட்ட முகம், 7 இஞ்ச் விளக்கு. வெளிச்சம் மட்டும் மெழுகுவர்த்தி ரேஞ்சுக்கு இருந்தது.

சித்தப்பாவுக்கு எல்.இ.டி. ஆசை. "ஏண்டா தம்பி, பசங்க எல்லாம் வெள்ளை வெளேர்னு ஒண்ணு போட்டிருக்கானுவளே, அதையே மாட்டிடலாமா?"

"வேணாம் சித்தப்பா"ன்னேன். ஏன்னு விளக்கணும்ல?

நம்ம வண்டியில இருக்கிறது எச்4 ஹாலஜன் பல்பு, 60/55 வாட். உள்ள ரெண்டு இழை. டிம் இழைக்குக் கீழ ஒரு குட்டித் தகட்டுக் கிண்ணம் இருக்கும். மேல போற வெளிச்சத்தை அதுதான் வெட்டும். பின்னாடி இருக்கிற கிண்ணி மாதிரியான ரிஃப்ளெக்டர், அந்த இழை எந்த இடத்துல இருக்கோ அதை வச்சு மில்லிமீட்டர் கணக்குல செஞ்சது. அதுக்குள்ள எல்.இ.டி. பல்பைச் சொருகினா, வெளிச்சம் பிறக்கிற இடமே மாறிடும். வெளிச்சம் ரோட்டுல விழாம எதிர்ல வர்றவன் கண்ணுல விழும். மொத்த விளக்கையும் மாத்துற எல்.இ.டி. செட்டும் இருக்கு. நல்லதும் இருக்கு. ஆனா அமெரிக்க ஜீப்புக்குன்னு செஞ்சதை வாங்கினா, அது வலப்பக்கம் ஓட்டுற நாட்டுக்கானது. டிம் வெளிச்சம் வலது ஓரமா தூக்கி அடிக்கும். நம்ம ஊர்ல வலது பக்கம்தானே எதிர்வண்டி வரும்!

போலீஸ்காரங்க முன்னாடி ஹெட்லைட் நடுவுல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி விடுவாங்களே, ஞாபகம் இருக்கா? எதிர்ல வர்றவன் கண்ணைக் காப்பாத்தத்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். மல்டிமீட்டரோட ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய் வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பேட்டரியில வச்சுப் பார்த்தா 13.8 வோல்ட். பல்பு ஹோல்டர்ல வச்சா 11.2!

"பாய், மிச்சம் எங்க போச்சு?"

"வழியில தின்னுடுச்சு தம்பி"ன்னார் சிரிச்சுக்கிட்டே.

நாலு வருஷம் இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்ச ஓம் விதியை ஒரே வரியில சொல்லிட்டார் மனுஷன். ரெண்டு பல்பும் பிரைட்ல எரிய சுமார் 10 ஆம்பியர் வேணும். அந்தக் கரண்ட் பூரா டேஷ்போர்டு சுவிட்ச், டிம் சுவிட்ச், வயசான மெல்லிசு ஒயர்னு சுத்திக்கிட்டுப் போகுது. வழியில கால் ஓம் தடை இருந்தாலே 2.5 வோல்ட் காலி. இதுல எர்த் வேற. 1830-கள்ல இரும்பு ஆலை நடந்த ஊர்தான் எங்க ஊர், ஆனா உப்புக்காத்துக்கு அந்தப் பெருமை எல்லாம் தெரியுமா? சேசிஸ்ல எர்த் முறுக்கியிருந்த இடம் துருவேறி அப்பளமா உதிர்ந்தது.

இதுல கொடுமை என்னன்னா, வோல்டேஜ் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சமும் கொஞ்சம் குறையும்னு நினைச்சுக்கிறோம். அப்படி இல்ல. ஹாலஜன்ல வெளிச்சம், வோல்டேஜோட 3.4 மடி அளவுல மாறும். 13.2 வோல்ட்ல 100 பங்குன்னா, 11.2-ல 57 பங்குதான். 100 வாட் பல்பு போட்டா சரியாகும்னு சொல்றவங்களும் உண்டு. கரண்ட் கூடும், ஒயர் இன்னும் சூடாகும், ஹோல்டர் உருகும். நோயை விட்டுட்டு நோயாளியை அடிக்கிற கதை.

வைத்தியம் ரொம்ப சிம்பிள். ரெண்டு ரிலே. ஒண்ணு டிம்முக்கு, ஒண்ணு பிரைட்டுக்கு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியா தடிமனான ஒயர் நேரா ரிலேக்கு, அங்கிருந்து பல்புக்கு. பழைய சுவிட்ச் ஒயர் இனிமே ரிலேயைத் தட்டி எழுப்புற வேலை மட்டும் செய்யும். எர்த் ஒயர் தனியா பேட்டரி நெகட்டிவுக்கே. கறுத்துப் போன பழைய ரிஃப்ளெக்டரைத் தூக்கிட்டு, இடப்பக்கம் ஓட்டுற நாட்டுக்கான புது கண்ணாடி விளக்கு, அதே 60/55 பல்பு. அரை நாள் வேலை. முடிச்சுட்டு ஹோல்டர்ல வச்சா 13.3 வோல்ட். பாய் முகத்துல ஒரு பெருமை பார்க்கணுமே!

பாதி பேர் இதோட நிறுத்திடுறாங்க. நிறுத்தக் கூடாது. சமதரையில வண்டியை ஒரு சுவத்துக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கோட நடுமையம் எந்த உயரமோ அதை சுவத்துல கோடு போட்டுக்கிட்டோம். டிம் வெளிச்சத்தோட மேல்விளிம்பு அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழ விழணும். பின்சீட்ல ஆள் ஏறினா மூக்கு தூக்கும், அதனால தெருப் பசங்க நாலு பேரை ஏத்தி உட்கார வச்சு ஃபோகஸ் திருகினோம். பசங்களுக்கு ஆளுக்கொரு கடலை மிட்டாய் :-)

மஞ்ச கலர் பூசினா பனியைக் கிழிக்கும்னு ஒருத்தர் யோசனை சொன்னார். பிரான்சுல 1993 வரைக்கும் மஞ்சள் ஹெட்லைட்டுதான் சட்டம். ஆனா பனித்துளி ஒளியோட அலைநீளத்தை விட ரொம்பப் பெருசு, அதுக்கு மஞ்சளும் ஒண்ணுதான் வெள்ளையும் ஒண்ணுதான். பனியில டிம்ல போட்டு மெதுவா போறதுதான் வழி.

அன்னிக்கு ராத்திரியே சித்தியையும் ஏத்திக்கிட்டு பி.முட்லூர் வரைக்கும் போனோம். சித்தப்பா ஓட்டினார். புளியமரத்து அடி, ரோட்டோர வெள்ளைக்கோடு, படுத்திருந்த நாய் எல்லாம் முன்னாடியே தெரிஞ்சது. சித்தி ஒண்ணும் சொல்லல. ஆனா நான் பார்த்துக்கிட்டு வந்தது வேற. எதிர்ல ஒருத்தர் சைக்கிள்ல மீன் கூடையோட வந்தார். டிம் பண்ணினதும், கையைத் தூக்கி கண்ணை மறைக்காம, எங்களைப் பார்த்துக்கிட்டே நேரா கடந்து போனார்.