வகுப்பறையில் பிறந்த கருவி



பெரிய அலுவலகக் கட்டடங்களில் ஏசி, விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே அறையிலிருந்து கவனிக்கும் அமைப்பை பி.எம்.எஸ். என்கிறார்கள். உங்களில் சிலருக்கு அதுதான் வேலை. அதன் தொடக்கம் ஒரு வகுப்பறை என்பது தெரியுமா?

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் ஊரில், நான் படித்தது போன்ற ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியவர் வாரன் ஜான்சன். குளிர்காலத்தில் பள்ளிப் பணியாளர் வகுப்புக்குள் வந்து சூட்டைப் பார்த்துவிட்டு, கீழே போய் உலையைச் சரிசெய்வார். பாடம் தடைப்படும். அதைத் தவிர்க்க, அறையின் சூட்டை மின்சாரம் வழியே கீழே தெரிவிக்கும் கருவியைச் செய்து, 1883இல் காப்புரிமை பெற்றார் ஜான்சன்.

இன்றும் அடிப்படை அதுதான். சென்சார் அளக்கிறது, கன்ட்ரோலர் நாம் வைத்த அளவோடு ஒப்பிடுகிறது, வால்வையோ விசிறியையோ இயக்குகிறது. தீ அலாரம் அடித்தால் ஏசி விசிறிகள் நிற்கவும், லிஃப்ட் தரைத்தளத்துக்கு வரவும், மின்பூட்டுக் கதவுகள் திறக்கவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பார்கள்.

ஆனால் ‘சும்மா அடிக்குது’ என்று ஒருவர் அலாரத்தை அமர்த்திவைத்தால், ‘ஆட்டோ’வை ‘மேனுவல்’ ஆக்கிவிட்டு மறந்தால், எல்லாம் வீண். அன்று மேல்மாடியில் புகைக்குள் நிற்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அந்த அறையில் உட்காரும் கண்ணுகளே, ஷிஃப்ட் மாறும்போது எதெது மேனுவலில் இருக்கிறது, எந்த அலாரம் அமர்த்தப்பட்டிருக்கிறது என்று நோட்டில் எழுதி, அடுத்தவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்