டீ குடிக்கப் போன சர்வர்

ஒரு சர்வர் ஒரேயடியாகச் செத்துப்போனால் பிரச்னை சுலபம். புதுசு வாங்கி, மற்றதிலிருந்து காப்பி எடுத்தால் முடிந்தது. கொஞ்ச நேரம் காணாமல் போய்விட்டுத் திரும்பி வருகிற சர்வர் இருக்கிறதே, அதுதான் ஆளைப் படுத்தும்.

நான் படித்தது பி.காம். வேலை பாங்க்கில். ஐ.டி.காரர்களோடு மீட்டிங்கில் உட்கார நேரும்போது "நோட் டவுன்", "ரீபில்ட்" என்று காதில் விழும். உட்கார்ந்து படித்துப் பார்த்தால், அட, இது நம்ம லீவ் ரிஜிஸ்டர் சமாச்சாரம்தான்!

கிளஸ்டர் ஸ்டோரேஜில் ஒரே டேட்டாவை மூன்று மெஷின்களில் வைப்பது வழக்கம். ஒவ்வொன்றும் "நான் இருக்கிறேன்" என்று அடிக்கடி குரல் கொடுக்கும். ஹடூப்பில் 3 நொடிக்கு ஒரு தடவை. குரல் நின்றால்? டிஸ்க் போய்விட்டதா, பேட்ச் போட்டு ரீபூட் ஆகிறதா, யாராவது கேபிளைத் தட்டிவிட்டார்களா? வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், மௌனம். அதனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒரு கணக்கை முன்னாடியே எழுதி வைத்துவிடுகிறார்கள். மாற்றாமல் விட்டால் ஹடூப்பில் பத்தரை நிமிஷம். செஃப் என்கிற ஸ்டோரேஜில் 10 நிமிஷம்.

ஏன் உடனே காப்பி எடுக்க ஆரம்பிப்பதில்லை? டீ குடிக்கப் போனவர் சீட்டுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் போடுவோமா? ஒரு மெஷினில் 10 டெராபைட் இருக்கிறது, நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நகர்கிறது என்றால் கிட்டத்தட்ட 28 மணி நேரம். பல மெஷின்கள் பங்கு போட்டுக்கொண்டால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் வாடிக்கையாளர் வேலையும் இந்தக் காப்பி வேலையும் சேர்ந்து நெட்வொர்க்கை நெரிக்கும். பாதி வழியில் போனவர் டீ டம்ளரோடு திரும்பி வந்து நிற்பார். எல்லாம் தண்டம்.

அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. செஃப்பில் 'நோஅவுட்' என்று ஒரு கொடி உண்டு. பராமரிப்பு வேலைக்கு முன்னால் அதை ஏற்றிவிட்டால், மெஷின் எவ்வளவு நேரம் காணாமல் போனாலும் காப்பி வேலை தொடங்காது. வேலை முடிந்ததும் இறக்க வேண்டும். இறக்காமல் விட்டு, அந்தச் சமயம் நிஜமாகவே ஒரு மெஷின் செத்தால், மூன்று பிரதி இரண்டாகிவிட்டது, யாரும் மூன்றாவதை உருவாக்கவில்லை என்று அர்த்தம். இரண்டில் இன்னொன்று போனால், வழக்கமான அமைப்பில் அந்தப் பகுதிக்கு எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. ஒற்றைப் பிரதியை நம்பி வேலை செய்வதைவிட கவுன்ட்டரை மூடுவது மேல் என்கிற கொள்கை. பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைத்திருக்கும் எங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை :-)

செஃப்பில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒரு மெஷின் போனால் பத்து நிமிஷத்தில் கணக்கை முடிக்கும். ஒரு ரேக் முழுக்கப் போனால் தானாக முடிக்காது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செத்திருக்க மாட்டார்கள், கரண்ட்டோ சுவிட்சோதான் போயிருக்கும் என்கிற அனுமானம். நல்ல மேனேஜர் புத்தி.

சரி, போனவர் திரும்பி வருகிறார். இடைப்பட்ட நேரத்தில் நடந்தது அவருக்குத் தெரியாது. 2007-ல் அமேசான்காரர்கள் டைனமோ பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு வழி இருக்கிறது. அவருக்கு வந்த வவுச்சரைப் பக்கத்து சீட்காரர் வாங்கி, "இன்னார் வந்ததும் கொடுக்கவும்" என்று சீட்டு ஒட்டி வைப்பார். வந்ததும் கைமாற்றுவார். கஸாண்ட்ராவும் இதையே செய்கிறது, ஆனால் 3 மணி நேரத்துக்குத்தான். அதற்கு மேல் ஆளைக் காணோம் என்றால் சீட்டு சேர்ப்பதை நிறுத்திவிடும். பிறகு எல்லாப் பிரதிகளையும் பக்கத்தில் வைத்து டேலி பண்ண வேண்டும். அதற்குப் பெயர் ரிப்பேர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் அடுத்தது. கஸாண்ட்ராவில் ஒன்றை அழித்தால் உடனே அழியாது. "இது நீக்கப்பட்டது" என்று ஒரு கல்லறைக் கல் நடப்படும். 10 நாள் கழித்து அந்தக் கல்லையும் எடுத்துவிடலாம். 11-ம் நாள் பழைய மெஷின் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் அழிக்கப்படாத பழைய பதிவு இருக்கிறது. மற்றவர்களிடம் பதிவும் இல்லை, கல்லும் இல்லை. "அடடா, இது நம்மிடம் விட்டுப்போயிருக்கிறதே" என்று அதனிடமிருந்து காப்பி எடுத்துக்கொள்வார்கள். செத்தது பிழைத்துக்கொள்ளும். அந்தப் பதிவு, ஒரு கம்பெனிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் பறிக்கப்பட்ட டைரக்டருடையது என்று நினைத்துப் பாருங்கள். செக் பாஸாகிவிடும். எர்ரர் மெசேஜ்கூட வராது.

அதனால் 10 நாளைத் தாண்டிய மெஷினை அப்படியே உள்ளே விடக்கூடாது என்பது விதி. டேட்டாவைத் துடைத்துவிட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் போல முதலிலிருந்து காப்பி எடுக்கச் சொல்ல வேண்டும். சீனியாரிட்டி எல்லாம் கிடையாது.

பி.கு: முக்கியமான சீட்களில் இருக்கும் பாங்க் ஊழியர்களை வருஷத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள் லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் 2021-ல் சொன்னது. அந்த நாட்களில் ஆபீஸ் இ-மெயில் தவிர வேறெதையும் தொடக்கூடாது. கஸாண்ட்ராவிலும் 10, இங்கேயும் 10. அங்கே மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும்.