குவாங்ஜாங் சந்தையில் பயறு அரைபடும் நேரம்

சாப்பிட வேண்டுமென்றால் சாயங்காலம் போகலாம், வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போய்விட வேண்டும் என்று தோழி சொல்லிவிட்டாள். சியோலிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். பாட்டி காலத்திலிருந்து அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு குவாங்ஜாங் சந்தையில்தான் துணி எடுக்கிறார்கள். கடைகள் திறக்கும் வேளைக்கே ஜொங்னோ 5-கா மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தோம்.

மேலே கூரை போட்ட நீண்ட வழி. இரண்டு பக்கமும் துணி, போர்வை, உலர்ந்த மீன், ஊறுகாய் விற்கும் கடைகள். நடுவில், பாதைகள் வந்து கூடும் இடத்தில், சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் கையை நீட்டினால் எல்லாம் எட்டுகிற அளவுதான். அதற்குள்ளேயே அடுப்பு, இரும்புக்கல், பாத்திரம், பணப்பெட்டி. சாப்பிட வருகிறவர்கள் உட்கார எதிரே ஒரு பெஞ்சு. குளிர்காலத்துக்காக அதன் அடியில் மின்சாரத்தால் சூடேற்றும் வசதி செய்திருக்கிறார்கள்.

நாங்கள் போய் நின்றது பிந்தெத்தோக் போடும் கடை. பச்சைப்பயறை ஊறவைத்து, அரைத்து, எண்ணெயில் வேகவிடும் தடித்த அடை அது. கடைக்கார அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தோழி அவரைச் சித்தி முறை வைத்துக் கூப்பிட்டாள். அங்கே கடைகளில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் தூரத்திலிருந்து வந்திருக்கிறேன், அரைப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று அவள் சொன்னதும் அந்த அம்மா ஸ்டூலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

சிவப்பு ரப்பர் தொட்டியில் பயறு இரவெல்லாம் ஊறியிருந்தது. உடைத்துத் தோல் நீக்கிய பயறுதான் மூட்டையில் வருகிறது. ஆனாலும் அங்கங்கே பச்சைத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் முழங்கைவரை கையை விட்டு இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பயறைக் கசக்கினார். தோல் மிதந்து மேலே வந்தது. தொட்டியைச் சாய்த்து தோலோடு தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் கசக்கினார். தண்ணீர் தெளியும்வரை இதே வேலை. கொஞ்சம் தோல் தங்கினால் கேடில்லை, நிறைய தங்கினால் அடை கறுத்து கசப்பு தட்டும் என்றார்.

அடுத்தது கல். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கற்கள், நம் எந்திரக்கல் போலவே. சுற்றுவது மட்டும் மோட்டார். மேல்கல்லின் குழியில் ஒரு கரண்டி பயறு, கொஞ்சம் தண்ணீர் என்று அவர் விட்டுக்கொண்டே இருந்தார். கற்களின் இடுக்கிலிருந்து வெளிர் மஞ்சள் மாவு சுற்றிலும் பிதுங்கி, கீழே வைத்த பாத்திரத்தில் விழுந்தது. அவர் மாவைப் பார்க்கவே இல்லை. மோட்டார் சத்தத்தைக் கேட்டுத்தான் தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். தண்ணீர் குறைந்தால் கல் இழுத்துக்கொண்டு சத்தம் கனக்கிறது. கூடினால் பயறு அரைபடாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. என் விரலில் கொஞ்சம் மாவைத் தொட்டு வைத்தார். ரவையைப் போல நறநறவென்று இருந்தது. அந்த நறநறப்புதான் எல்லாமே என்றார். மைய அரைத்துவிட்டால் மேலே மொறுமொறுப்பு வராது, உள்ளே களியாகிவிடும். மிக்ஸியில் அரைத்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்கச் சொன்னேன். தோழி கேட்டாள். அந்த அம்மா பதில் சொல்லாமல் கல்லைத் தட்டிக் காட்டினார்.

இந்த மாவைப் புளிக்க விடுவதில்லை. அரைத்து வைத்து நேரமானால் நீர் விட்டுக்கொண்டு பிடிப்புப் போய்விடும். அதனால் ஒரேயடியாக அரைப்பதில்லை, கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அரைக்கிறார்கள். உப்பையும் முன்கூட்டிப் போடுவதில்லை. சுடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பயறு முளை, நறுக்கிய கிம்ச்சி, வெங்காயத்தாள் எல்லாம் சேர்கின்றன. பன்றி இறைச்சியைக் கொத்திச் சேர்ப்பதும் உண்டு. அந்தக் காலத்தில் பன்றிக் கொழுப்பிலேயே சுட்டார்கள். இப்போது பெரும்பாலும் சமையல் எண்ணெய்தான்.

பிந்தெத்தோக் கொரியாவின் வடக்குப் பகுதியில் பேர்பெற்ற பண்டம். பியொங்கான், ஹ்வாங்ஹே மாகாணக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடாகவே சொல்வார்கள். அது தெற்கில் சியோல் சந்தையின் அடையாளமானதில் 1950-53 போருக்கும் பங்கு உண்டு. வடக்கிலிருந்து வெறுங்கையோடு வந்து சேர்ந்தவர்கள் சியோலின் சந்தைகளில்தான் பிழைப்பைத் தேடினார்கள். ஓர் அடுப்பும் ஒரு கல்லும் போதும் என்கிற தொழில் அப்போது எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் போக முடியாத ஊரின் ருசியை விற்று அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

சந்தை அதற்கும் மூத்தது. கொரியாவில் ஊர்ச்சந்தை என்றால் ஐந்து நாளைக்கு ஒருமுறை கூடிக் கலைவது வழக்கம். அன்றாடம் நடக்கும் நிலையான சந்தையாக குவாங்ஜாங் தொடங்கியது 1905இல். கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக ஆக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். பழைய நம்தெமுன் சந்தை ஜப்பானியர் பிடிக்குள் போய்க்கொண்டிருந்த வேளையில், கொரிய வணிகர்கள் சொந்த முதல் போட்டு உண்டாக்கிய இடம் இது. அந்தப் பிடிவாதத்தை இன்றைய கூட்டத்துக்கு நடுவே யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டிய சேதி.

சாப்பாட்டுக்கு முன்னால் தோழி என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். கீழே இருந்த சத்தம் அங்கே இல்லை. பட்டுச் சுருள்கள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. ஹன்போக் என்கிற அவர்களுடைய மரபு உடைக்கும், கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வீட்டார் கொடுக்கும் மெத்தை போர்வைக்கும் அளவெடுத்துத் தைத்துத் தருகிற கடைகள். ஒரு கடையில் வயதான தையல்காரர் மேல்சட்டையின் கழுத்துப்பட்டியில் வெள்ளைத் துணிக் கீற்றை வைத்துக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு தையல்கூடத் தெரியவில்லை. சியோல் அரண்மனைகளுக்கு ஹன்போக் உடுத்தி வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனால் அரண்மனைகளைச் சுற்றி வாடகை ஹன்போக் கடைகள் பெருகிவிட்டன. தெருவில் ஹன்போக் இவ்வளவு தென்படும்போது அதை அளவெடுத்துத் தைக்கிற மாடி வெறிச்சோடிக் கிடந்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

இதுபோன்ற பழைய சந்தைகளைக் காப்பாற்ற அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. மரபுச் சந்தைகளில் செல்லுபடியாகும் ஓன்னுரி பரிசுச் சீட்டு 2009இல் வந்தது. பெரிய மார்ட்டுகள் மாதத்தில் 2 நாள் கட்டாயம் கடையடைக்க வேண்டும் என்ற விதி 2012இல் வந்தது. அந்த விடுமுறை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. 2023இல் தேகு நகரம் அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டது. வீட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் மார்ட்டா சந்தையா என்று யோசிக்கிற ஊர்களுக்கு இந்த விதிகளெல்லாம் உதவலாம். குவாங்ஜாங்குக்குக் கூட்டத்தால் குறையில்லை. அங்கே குறைவது அதிகாலையில் பயறு கழுவ வருகிற கைகள்.

கீழே இறங்கியபோது சந்தை வேறு மாதிரி ஆகியிருந்தது. பெஞ்சுகளில் இடமில்லை. பக்கத்துக் கடையில் ஓர் இளம்பெண் சுண்டுவிரல் நீளக் கிம்பாப்களை உருட்டி, நல்லெண்ணெய் தடவி, எள்ளைத் தூவிக் குவித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கேரட்டும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும்தான், தொட்டுக்கொள்ளக் கடுகுச் சாறு. அதற்கு அடுத்த கடையில் பிசைந்த மாவை மடித்துக் கத்தியால் சீராக அரிந்து, கொதிக்கும் குழம்பில் உதறிப் போட்டார்கள்.

நாங்கள் காலையில் பார்த்த பிந்தெத்தோக் அம்மாவின் கடைமுன் செல்போன்கள் உயர்ந்திருந்தன. எல்லோரும் காத்திருந்தது ஒரே ஒரு கணத்துக்காக. உள்ளங்கை அகலத்தைவிடப் பெரிய அடையை அவர் ஒரே தூக்கில் புரட்டிப் போடும் கணம் அது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் அந்தக் கையைத் தண்ணீருக்குள் பார்த்துவிட்ட பிறகு, புரட்டுவது அந்த வேலையின் கடைசிப் பத்து விநாடி மட்டும்தான் என்று தெரிந்துவிடுகிறது.

எங்களுக்கான அடையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தட்டில் வைத்தார். வெங்காயம் ஊறிய சோயா சாறும், பித்தளை நிறக் கெட்டிலில் மக்கொல்லி என்கிற அரிசிக் கள்ளும் வந்தன. ஓரம் அப்பளம்போல நொறுங்கியது, நடுவில் மாவு மெத்தென்று இருந்தது. பச்சைப்பயறின் மண்வாசம் எண்ணெயையும் மீறி வந்தது.

பண்டிகைக் காலம் எப்படி என்று தோழி அவரிடம் கேட்டாள். சொல்லால் புத்தாண்டுக்கும் சுசோக் அறுவடைத் திருநாளுக்கும் முன்னோர் படையலில் பல வீடுகள் இப்படிச் சுட்ட அடைகளை வைக்கின்றன. சுட நேரமில்லாதவர்கள் சந்தையில் வாங்கிப் போவார்கள். அந்த நாட்களில் கல் நிற்பதே இல்லை என்றார். அப்போது மட்டும் மகன் ஆபீசில் லீவு போட்டுவிட்டுக் கூட நிற்பானாம். அவன் நன்றாகச் சுடுவான், கணக்கும் பார்ப்பான், ஆனால் கல்லின் சத்தம் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, வருகிற சொல்லாலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வரச் சொல்லியிருக்கிறேன் என்றார்.