குறைந்தது எது?

நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் தொட்டி அளவு இதுதான். ஏறக்குறைய 240 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், கண்ணாடி, மணல், பாறை எல்லாம் சேர்ந்தால் எடை 320 கிலோவைத் தாண்டிவிடும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருப்பவரானாலும் கிள்ளானில் வரிசை வீட்டில் இருப்பவரானாலும், கண்ணாடி வாங்கப் போவதற்கு முன்னால் இந்தக் கனத்தை மனத்தில் வைத்து, உத்தரம் ஓடும் சுவரோரமாக இடம் பார்த்துவிட வேண்டும்.

கண்ணாடி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவன் நான். கடை முகப்பும் ஜன்னலும் பொருத்திய கை, ஓய்வுக்குப் பிறகு தொட்டி கட்டப் பழகிக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி காற்றைத் தாங்கினால் போதும். தொட்டிக் கண்ணாடி இரவும் பகலும் தண்ணீரைத் தாங்கி நிற்க வேண்டும். தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பார்க்குமே தவிர நீளத்தைப் பார்க்காது. ஒன்றரையடி உயரத்துக்கு 10 மில்லிமீட்டர் கண்ணாடி. இரண்டடிக்கு ஆசைப்பட்டால் 12 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. குழாய்க்குத் துளை வேண்டுமென்றால் சாதாரணக் கண்ணாடியாக வாங்க வேண்டும். டெம்பர்ட் கண்ணாடியில் துளையிடும் கருவியை வைத்தால் பலகை முழுவதும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும்.

ஒட்டும் வேலையில்தான் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் வேண்டாம். அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு விஷம். தொட்டிக்கென்றே வரும் சிலிக்கானைப் பிதுக்கும்போது காடி வாசம் மூக்கைத் துளைக்கும். கண்ணாடி விளிம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, கை படாமல் வைத்து, சிலிக்கானை அறுபடாத ஒரே கோடாக இழுத்துப் பலகையை நிறுத்த வேண்டும். பிறகு அளவாக அழுத்த வேண்டும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சிலிக்கான் நிற்க வேண்டும். பலத்தைக் காட்டி எல்லாவற்றையும் பிதுக்கி வெளியேற்றினால் பிடிப்பு போய்விடும். பக்கவாட்டில் பார்த்தால் மூட்டு கறுப்பாகவோ தெளிவாகவோ ஒரே சீராகத் தெரியும். நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காற்று மாட்டியிருக்கிறது என்று பொருள்.

சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி இறுகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே இறுக்கம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். ஒரு வாரமாவது விட்டுவைத்து, பிறகு வாசலில் வைத்துக் குழாய்த் தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, சில நாள் கவனிக்க வேண்டும். கசிந்தால் மேலே இன்னொரு பூச்சு பூசிப் பயனில்லை. இறுகிய சிலிக்கானில் புதியது சரியாகப் பிடிக்காது. மூட்டைப் பிளேடால் முழுவதும் சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவதுதான் வேலை.

கண்ணாடிக்குள் கடலை வைக்கும் ஆசை பழையது. 1846இல் அன்னா தின் என்ற பெண்மணி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பம்பு இல்லாத காலம். வீட்டுப் பணிப்பெண் ஜன்னலருகே நின்று, கடல்நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றிக் காற்றேற்றினாள். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரிந்த எந்தக் கதையிலும் வருவதில்லை. அந்தப் பவளங்கள் பிழைத்தது அவள் கை உழைப்பால்தான் என்று நான் நினைக்கிறேன். நமக்குப் பக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் வேறு வழி கண்டார். வடிகட்டியை நம்பாமல், கடலிலிருந்து எடுத்த உயிர்ப் பாறையும் மெல்லிய காற்றுக் குமிழிகளும் போதும் என்று 1961இல் எழுதினார். பாறையின் துளைகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே தண்ணீரைத் தூய்மையாக வைக்கின்றன. இன்றைக்கு உலகெங்கும் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நடப்பது அந்தப் பாதையில்தான்.

அந்த நுண்ணுயிர்கள் பெருகும்வரை மீன் விடக் கூடாது. மீனின் கழிவு அம்மோனியாவாகும், அது நைட்ரைட்டாகும், பிறகு நைட்ரேட்டாகும். அம்மோனியா மீனைக் கொல்லும். இந்தச் சங்கிலி அமைய நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யத்துக்கு இறங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே மீன். முன்பெல்லாம் மலிவான மீனை முதலில் விட்டு, அது துடித்துப் பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். மலிவு என்பதற்காக ஓர் உயிரைச் சோதனைக்கு விடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி நம் ஊர் வெயில். கடல் மீனுக்கும் பவளத்துக்கும் 25, 26 டிகிரி சுகம். கோலாலம்பூரில் மதியம் 33 டிகிரியைத் தொடுகிறது. 2010இல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகள் பக்கம் சில முக்குளிப்பு இடங்களையே மூடிவைத்தார்கள். அவ்வளவு பெரிய கடலுக்கே அந்த நிலை என்றால் 240 லிட்டர் எம்மாத்திரம்? குளிரூட்டும் இயந்திரம் வாங்க நிறையப் பணம் வேண்டும். அதனால் பலர் தொட்டியின் மேல் சிறு மின்விசிறி மாட்டுகிறார்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் ஆவியாகிப் போகும்.

பண்டமாரானிலிருந்து ஒரு தம்பி வந்தான். துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. "அங்கிள், டெய்லி தண்ணி பாக்குறேன், கொறஞ்சா உடனே ஊத்திடுறேன். இருந்தாலும் நத்தை எல்லாம் செத்துப் போவுது" என்றான். போய்ப் பார்த்தேன். விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், 1.025இல் நிற்க வேண்டிய கோடு 1.032இல் நின்றது. குறைந்த தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றி வந்திருக்கிறான். கடல் தொட்டிதானே, கடல் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும் என்பது அவன் கணக்கு. ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர் மட்டும். உப்பு போகவே இல்லை, உள்ளேயே இருக்கிறது. அவன் ஊற்றிய ஒவ்வொரு குவளையும் இருந்ததையே கூட்டியது, போனதைத் திருப்பித் தரவில்லை.

இதைப் பார்த்த பிறகு பல வீடுகள் எனக்கு வேறு மாதிரி தெரிகின்றன. ஓவர்டைம், ஷிப்ட், காஜாங்கிலிருந்து ஷா ஆலம் போய்த் திரும்பும் நெரிசல் என்று அப்பா வீட்டில் இருப்பதே குறைந்துவிடுகிறது. பிள்ளை முகம் வாடுகிறது. அப்பாவும் கவனிக்காமல் இல்லை. உடனே புதுக் கைப்பேசி வாங்கித் தருகிறார், டியூஷன் சேர்க்கிறார். வயதான தாயாரின் அறையில் பேச்சு குறைந்தால் பெரிய தொலைக்காட்சி வருகிறது. அன்பில்லாமல் செய்வதாக நான் சொல்ல மாட்டேன். அன்போடுதான் ஊற்றுகிறார்கள். நம்மிடம் எது நிறைய இருக்கிறதோ அதை ஊற்றுவது சுலபம். வீட்டிலிருந்து ஆவியாகிப் போனது எது என்று உட்கார்ந்து பார்க்கத்தான் யாருக்கும் பொழுதில்லை.

அந்தத் தம்பியிடம் நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னேன், ஆனால் ஒரே நாளில் இல்லை. உப்பளவு சட்டென்று இறங்கினால் மீதமிருக்கும் நத்தையும் இறாலும் தாங்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பல நாளில் இறக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் ஆர்ஓ வடிகட்டியில் சுத்திகரித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதையும் பீப்பாயில் பிடித்து வைத்திருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் குழாய் வற்றியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கடல்வாழ் உயிர்களை எங்கே வாங்குவது என்பதிலும் கண்டிப்பாக இருக்கிறேன். 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கை அறிஞர் கடல் தொட்டி பற்றி ஒரு நூல் எழுதினார். அதைப் படித்துவிட்டு இங்கிலாந்துக் கடற்கரைகளில் கூட்டம் கூட்டமாக இறங்கிப் பாறைக்குழிகளைச் சூறையாடினார்கள். அவருடைய மகனே பின்னாளில் அந்த அழிவை வருந்தி எழுதினார். நம் தீவுகளைச் சுற்றிய கடல் பூங்காக்கள் 1994 முதல் சட்டப்படி காக்கப்படுகின்றன. பாயார் தீவுக்குச் சுற்றுலா போய் ஒரு துண்டு பவளத்தைப் பையில் போட்டு வருவது குற்றம். கோமாளி மீன் பண்ணையிலேயே நன்றாகக் குஞ்சு பொரிக்கிறது. வெட்டி வளர்த்த பவளத் துண்டுகளும் கிடைக்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் அவற்றையே வாங்குங்கள்.

அந்தக் கோமாளி மீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் குஞ்சும் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாகி அந்த இடத்துக்கு வரும். நல்ல தொட்டியில் இருபது ஆண்டு கடந்தும் வாழும். நான் எழுபதைத் தாண்டியவன். என் மீன் எனக்குப் பிறகும் இருக்கும் என்பது சாதாரணக் கணக்கு. அதனால் இரண்டாம் படிவம் படிக்கும் பேத்திக்கு உப்பளவு பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எந்த சுவிட்ச் எதற்கு, மின்சாரம் போனால் பேட்டரி பம்பு எங்கே, எந்தத் தண்ணீர், எந்தக் கோடுவரை என்பதையெல்லாம் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். தொட்டி கட்ட வருகிறவர்கள் மீன் வாங்கும் முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து, இந்த உயிர்களை அடுத்து யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்.