கேட்காமல் போட்ட கோடு

2016 ஜூன் 24, வெள்ளி. போடி

நாலே முக்காலுக்கே முழிப்புத் தட்டிவிட்டது. டிவியைப் போட்டால் பிரிட்டனில் சண்டர்லாந்து என்ற ஊரில் ஓட்டு எண்ணி முடித்திருந்தார்கள். கார் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் ஊர். அங்கே நூற்றுக்கு அறுபத்தொரு பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போவோம் என்று குத்தியிருக்கிறார்கள். ஒன்பது மணி சுமாருக்கு விலகுவோம்தான் ஜெயிக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கடைசிக் கணக்கில் விலகுவோம் 51.9, இருப்போம் 48.1. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது பிரதமர் டேவிட் கேமரூன் வீட்டு வாசலில் நின்று ராஜினாமா சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பை வைத்தவரும் அவர்தான், இருப்போம் என்று ஓட்டுக் கேட்டவரும் அவர்தான். தன் வீட்டுப் பரணுக்குத் தானே ஏணி வைத்து ஏறி, ஏணியைத் தானே எட்டி உதைத்த கதை.

டீக்கடையில் காலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "நம்மள விட்டுப் போன வெள்ளக்காரன், இப்ப அவன் பங்காளிகள விட்டுப் போறான்" என்றார் ஒரு பெரியவர். பக்கத்தில் இருந்தவருக்கு ஒரே சந்தோஷம். இருநூறு வருஷத்துக்கு வட்டி போட்டு வசூலித்த முகம். யாருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் எத்தனை நாடு என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. குடும்பத்திலிருந்து ஒருத்தன் சோற்றுப்பானையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே.

காய்க்கடை பக்கம் பேச்சு வேறு. சென்செக்ஸ் 605 புள்ளி இறங்கியது, டாலர் 68 ரூபாயைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெளிநாடு போகிற ஏலக்காய் பெரும்பாலும் அரபு நாடுகளுக்கு என்பதால் லண்டனைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை. டாலர் ஏறினால் ஏறட்டும் என்ற கணக்கு. கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டுத் தெரிப்புத் தட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ராத்திரி அக்கா மகன் ஈஸ்ட் ஹாமிலிருந்து கூப்பிட்டான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போய் ஏழு வருஷம். கையில் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். "நானும் ஓட்டுப் போட்டேன் மாமா" என்றான். நம்பவில்லை. காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டாம். கீழ்வீட்டில் இருபது வருஷமாக இருக்கும் இத்தாலிக்காரருக்கு இல்லையாம். இவன் போட்டது விலகு. ஐரோப்பாக்காரர்கள் வரத்து குறைந்தால் நம் ஊர் சமையல்காரர்களுக்கு விசா தாராளமாகக் கிடைக்கும் என்று மந்திரி ப்ரீத்தி படேல் மாதிரி ஆட்கள் ஹோட்டல்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்களாம். இவன் மனைவி போட்டது இரு. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்றான். அவர்கள் இருக்கும் நியூஹாம் பகுதியிலும் இருப்போம் என்பதுதான் ஜெயித்ததாம். நாட்டில் ஜெயித்த கட்சிக்காரன் குரலில் ஜெயித்த ஒலி இல்லை. கீழ்வீட்டு இத்தாலிக்காரர் காலையில் எப்போதும்போல வணக்கம் சொன்னாராம். அதைத்தான் அவன் மூன்று தடவை சொன்னான்.

ஜூன் 25, சனி. போடிமெட்டு

களை எடுப்புக்கு ஆள் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். மேலே ஏலத்தோட்டத்து ஸ்டோர் குத்தகை என் பேரில். வாரத்துக்கு ரெண்டு நாளாவது மேலே போகாவிட்டால் வேலை ஓடாது. முந்தல் தாண்டினதும் சாரல். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் மூடுபனி. டிரைவர் தம்பி கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினான். பின்னால் பதினோரு பெண்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, காலுக்கடியில் சாக்கு. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து பாதித் தூக்கம்.

பேச்சு வாக்கில் லண்டன் சமாச்சாரத்தைச் சொன்னேன். கூட்டத்தில் மூத்தவர், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுபவர், கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அப்ப இந்தப் பக்கம் இருந்துக்கிட்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போறவுக என்ன செய்வாகண்ணே?"

நேற்று விடியலிலிருந்து டிவி பார்க்கிறேன். பவுண்டு 1985-க்குப் பிறகு இவ்வளவு கீழே போனதில்லை என்றார்கள், வங்கி என்றார்கள், யார் அடுத்த பிரதமர் என்றார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அங்கேயும் அப்படி ஒரு கோடு உண்டு. அயர்லாந்துத் தீவை, பிரிட்டனோடு இருக்கும் வடக்கு, ஒன்றியத்தில் இருக்கும் தெற்கு என்று இரண்டாக வெட்டும் எல்லை சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். சண்டை நடந்த காலத்தில் பட்டாளம் நின்ற கோடு. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு பட்டாளச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் தோட்டம் என்று ஆயிரக்கணக்கான பேர். அவர்களில் வட அயர்லாந்துக்காரர்கள் இருப்போம் என்றுதான் போட்டார்கள். கூட்டிக் கழித்ததில் அது எடுபடவில்லை. மெட்டு ஏறுகிற பெண்ணுக்குச் சட்டென்று தோன்றியது இதுதான்.

மெட்டு வந்தது. நம் சாவடி, கொஞ்ச தூரம் தள்ளி அவர்கள் சாவடி. இடையில் டீக்கடை, பழக்கடை. பலகையில் தமிழ் போய் மலையாளம் வந்தது. சட்டைப்பையில் போன் ஒரு தடவை அதிர்ந்து கேரளத்துக்கு வரவேற்றது. ரோமிங் கணக்கு ஆரம்பம். ஜீப் நிற்கவில்லை.

2011 டிசம்பரில் நின்றது. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி இரண்டு மாநிலத்திலும் பேச்சு முற்றி, கம்பம், குமுளி, போடி என்று எல்லாப் பாதையும் அடைபட்டது. தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்து இறங்கினார்கள். எங்கள் ஸ்டோரில் தங்கி வேலை பார்த்த எட்டுப் பெண்களைப் பக்கத்துத் தோட்டக்காரர், கோட்டயத்து ஆள், தன் வீட்டில் இரண்டு ராத்திரி வைத்துச் சோறு போட்டு, விடியுமுன் ஒற்றையடிப் பாதை தலைப்பு வரைக்கும் டார்ச் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். இதே பெரியக்கா அதில் ஒருவர். கீழே போடியில் அதே வாரம் நான் கேரள எதிர்ப்புக் கோஷம் போட்டு ஊர்வலத்தில் நடந்தேன். இரண்டும் நடந்தது. எதையும் மறைப்பதற்கில்லை.

ஜூன் 26, ஞாயிறு. போடி

மழை. வெளியே போகவில்லை. பழைய விஷயத்தையே மனசு கிளறிக்கொண்டிருக்கிறது.

போடியில் பிறந்த என் அக்கா மகன், ஐரோப்பாவை விட்டுப் போகலாமா என்பதற்கு ஓட்டுப் போட்டிருக்கிறான். எங்கள் மலை எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு ஆள் ஓட்டுப் போட்டதில்லை.

மாநிலங்களைப் பிரிக்க பசல் அலி, எச்.என்.குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர் என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது ஒன்பது வட்டம். அதன் தலைவர் நேசமணியும் கூட்டாளிகளும் சிறைக்கும் போனார்கள், துப்பாக்கிச் சூட்டில் ஆட்களையும் இழந்தார்கள். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரிப் பக்கம் நாலு வட்டமும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் வந்தன. எங்கள் மலையைச் சேர்ந்த தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நின்றன. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் தோட்டக் கூலிக்கு வந்து போகிறவர்கள், அந்த எண்ணிக்கையை வைத்து மண்ணைக் கொடுக்க முடியாது என்பது வாதம். மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவர்களை வந்துபோகிறவர்கள் என்று எழுத ஒரு பேனா போதும். குளமாவது மேடாவது என்று காமராஜர் சொன்னார் என இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அவர் சொன்னாரா என்பது வேறு விஷயம். அறுபது வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருப்பது ஊர்.

மக்களைக் கேட்கிற பழக்கமே இல்லாத நாடு என்றால் விட்டுவிடலாம். 1948-ல் ஜூனாகத்தில் கேட்டார்கள். 1949-ல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூரில் கேட்டார்கள். இந்த மலையில் கேட்கவில்லை. சின்ன வயசிலிருந்து எனக்கு அந்த ஆத்திரம் உண்டு. ஒரு ஓட்டு வைத்திருந்தால் என்று எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பேச்சில் ஒரு தடுக்கல். ஓட்டு என்றால் எந்தத் தேதியில்? 2011 டிசம்பர் முதல் வாரத்தில் வைத்திருந்தால் மூணாறிலிருந்து மெட்டு வரை தமிழர் அத்தனை பேரும் பிரிவோம் என்று குத்தியிருப்பார்கள், நானும் சேர்த்து. ஆகஸ்டில், காய் எடுப்பு மும்முரத்தில், மேலே கூலி கூடுதலாகக் கிடைக்கிற நேரத்தில் வைத்தால்? பெரியக்கா எதில் குத்துவார்? இவ்வளவு நாள் அவரைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் உறுத்துகிறது. 1956-ல் தில்லிக்காரர்கள் செய்ததை நான் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

ஜூன் 29, புதன்

திரும்பவும் ஓட்டு வை என்று லண்டனில் மனு. நாற்பது லட்சம் கையெழுத்துக்கு மேல் போய்விட்டதாம். ஓட்டுப் பதிவு முடிந்த பிறகு ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன என்று கூகுளில் தேடினவர்களைப் பற்றி இங்கே டீக்கடையில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்து, "இதுல என்ன போட்டிருக்கு தம்பி" என்று என்னிடம் நீட்டியவர்கள் எத்தனையோ பேர்.

2017 ஜூலை 1, சனி. மெட்டு

ஜிஎஸ்டி இன்று முதல். வணிகவரிச் சாவடி வேலை முடிந்தது. இத்தனை வருஷம் ஒரு சாக்குக் காய் இறக்க வேண்டுமென்றால் பில், ஃபாரம், முத்திரை, வரிசை. வரிக்குப் பயந்து ராத்திரி காட்டுப் பாதையில் தலைச்சுமையாக இறங்கிய காய்க்குக் கணக்கே கிடையாது. இப்போது ஏலக்காய்க்கு 5 சதவீதம், மேலேயும் அதேதான் கீழேயும் அதேதான். பிரிட்டன் ஒரே சந்தையிலிருந்து வெளியேறப் பேச்சுவார்த்தை தொடங்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. நாம் இப்போதுதான் உள்ளே நுழைகிறோம். முத்திரை குத்துகிறவர் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு நாய்க்குட்டி.

2020 பிப்ரவரி 1, சனி. மெட்டு

நம் கணக்குக்கு இன்று அதிகாலை நாலரைக்குப் பிரிட்டன் வெளியேறிவிட்டது. மூன்றரை வருஷம், இரண்டு பிரதமர் போய் மூன்றாவது ஆள். பெரியக்கா அன்றைக்குக் கேட்ட கேள்விதான் அவர்கள் தொண்டையில் முள்ளாக நின்றது. அயர்லாந்தில் திரும்பச் சாவடி போடக்கூடாது என்று முடிவாகி, சரக்குச் சோதனைக் கோட்டைக் கடலுக்குள் தள்ளியிருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, இங்கே கடல் கிடையாது.

அக்கா மகன் இப்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்டான். கீழ்வீட்டு இத்தாலிக்காரர் தொடர்ந்து தங்குவதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தது இவன்தானாம்.

போன ஆகஸ்டில் காய் கிலோ ஏழாயிரத்தைத் தொட்டபோது முளைத்த ஜீப்புகள் இன்னும் ஓடுகின்றன. இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று பெரியக்காவிடம் கேட்டேன். இந்த மலை அங்கேயா இங்கேயா என்று ஓட்டு வைத்தால் எதில் போடுவீர்கள்? கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எதுல போட்டா ஜீப்ப நிறுத்த மாட்டாகளோ அதுல."

ஆறு பத்துக்கு மெட்டைத் தாண்டினோம். யாரும் நிறுத்தவில்லை.