கோலிக்குண்டு போட்ட தீனி

தங்கச்சிமடத்தில் எங்கள் தோட்டம் ஒரு ஏக்கர்கூட இராது. மேலே மணல். கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் உப்பு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. “ஆழம் போனா கடல் வந்துரும்” என்று அப்பத்தா சொன்னதே அன்றைக்குப் போதுமாக இருந்தது.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் மல்லிகை நாற்று போட்டோம். ராமநாதபுரம் குண்டுமல்லி. பூ விற்பதற்கல்ல, நாற்று விற்பதற்கு. குச்சியை வெட்டிப் பாத்தியில் நெருக்கமாக ஊன்றி, வேர் பிடித்ததும் பிடுங்கிக் கட்டுக்கட்டாக வெளியூருக்கு அனுப்ப வேண்டும். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ரயிலை விட்டால் வழியில்லை. அப்புறம் லாரி வந்துவிட்டது. மதுரையில் மணக்கிற மல்லிகையில் பாதி நம் ஊர்க் குச்சிதான் என்பார் அப்பா. பாதி என்பது அவர் கணக்கு. பள்ளிக்கூடம் போவதற்கு முன் அண்ணன் தண்ணீர் இறைப்பான், நான் குடத்தில் மொண்டு பாத்திக்கு ஊற்றுவேன். எப்போதும் என் பாவாடைதான் முதலில் நனையும்.

வான்கோழி வந்தது மாமா புண்ணியத்தில். கிறிஸ்துமஸுக்கு நல்ல விலை போகும், தோட்டத்தில் பாம்பும் அண்டாது என்று ஒரு ஜோடியைக் கொண்டுவந்து விட்டுப் போனார். பெட்டை தாழம்புதருக்குள் ஒளிந்து முட்டையிட்டது. வெளிர்மஞ்சளில் பழுப்புப் புள்ளி தெளித்த முட்டைகள். அந்தப் பெரிய உடம்பு ஏறி உட்கார்ந்தால் உடைத்துவிடும் என்று அப்பத்தா ஐந்து முட்டைகளை எடுத்து, அடைக்கு உட்கார்ந்திருந்த நாட்டுக்கோழியின் கீழே வைத்துவிட்டார். கோழி முட்டைக்கு 21 நாள், வான்கோழிக்கு 28. எங்கள் கோழி அந்த ஒரு வாரத்தையும் எழாமல் உட்கார்ந்தே கழித்தது. இரையெடுக்க இறங்கும் நேரத்தில் அதன் முகத்தைப் பார்த்தால், யாரோ கணக்கில் ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் தெரியும்.

தை மாதத்தில் நான்கு பொரித்தன. நான்காவது ஒரு நாள் தாமதம். ஓட்டைக் கொத்திவிட்டுப் பாதியில் களைத்துக் கிடந்ததை அப்பத்தா வெந்நீரில் விரலை நனைத்து நனைத்து ஓட்டைப் பெயர்த்து எடுத்தார். கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாய் விரிந்துகொண்டு நிற்க முடியவில்லை. வாடைக்காற்று வேறு. மற்ற மூன்றும் தாயின் இறக்கைக்குள் புகுந்துகொள்ள, இது வெளியே மணலில் கிடந்து கீச்சிட்டது.

“ஏத்தா, இத நீ பாத்துக்க. பொழைச்சா ஒனக்கு” என்றார் அப்பத்தா. பிழைக்காது என்று நினைத்துத்தான் கொடுத்தார் என்பது இப்போது புரிகிறது.

ஓலைப்பெட்டியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்தோம். அம்மா கம்பளி நூலால் இரண்டு காலையும் சிறு இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டினார். காலை அகட்ட விடாது, ஆனால் அடி எடுத்து வைக்கலாம். கரண்ட் இருக்கும் இரவில் பெட்டிக்கு மேலே குண்டு பல்பு. காற்றடித்துக் கரண்ட் போய்விட்டால் மணலைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து பெட்டி ஓரத்தில் வைப்போம். அது ஆறியதும் குஞ்சு கத்தும். நான் எழுந்து அம்மாவை எழுப்புவேன். அம்மா என்னைத் திட்டிக்கொண்டே அடுப்பு மூட்டுவார்.

சூட்டைச் சமாளித்துவிட்டோம். தீனிதான் பெரும்பாடு. கம்புக் குருணையை முன்னால் போட்டால் அதன் மேலேயே ஏறி நின்று பசியில் கத்தும். நாட்டுக்கோழிக் குஞ்சு பிறந்த மறுநாளே காலால் சீய்த்துக் கொத்தும். இதற்கு அந்த வித்தை வரவில்லை. எங்கள் ஆட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாப்பா, வான்கோழிக் குஞ்சு முக்காவாசி நோயில சாகுறதில்ல. தீனிக்கு முன்னாலயே நின்னு பட்டினியில சாகும். அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, பயம் வேற. நீதான் காட்டிக் குடுக்கணும்.”

எப்படிக் காட்டுவது என்றும் சொல்லித் தந்தார். தட்டை விரல்நுனியால் டொக்கு டொக்கென்று தட்ட வேண்டும். தீனியிலும் தண்ணீரிலும் வண்ணக் கோலிக்குண்டு போட வேண்டும்; பளபளப்பைக் கொத்தப் போய் அலகு தீனியில் படும். பச்சை நிறம் பிடிக்கும் என்பதால் கீரையைப் பொடியாக நறுக்கித் தூவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி பால், பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை, இப்படிப் பதினைந்து நாள். பல ஆண்டுகள் கழித்து வான்கோழி வளர்ப்புக் கையேடு ஒன்றில் இவை அத்தனையும் அச்சில் இருந்ததைப் பார்த்தபோது அந்த டாக்டர் மேல் மரியாதை கூடியது. கோழியோடு சேர்த்து வளர்க்காதீர்கள், கோழிக்கு ஒன்றும் செய்யாத கிருமி வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும் என்றும் எச்சரித்தார். தாயே கோழியாக இருக்கும் வீட்டில் அதை எப்படிச் செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அண்ணனிடம் கோலி வாங்குவது லேசான காரியமல்ல. பச்சையில் இரண்டு, நீலத்தில் ஒன்று, அதற்கு விலை ஒரு வாரம் அவன் பங்குக்கும் நானே தண்ணீர் இறைப்பது. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, இங்க் ஃபில்லரால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைப்பேன். வாய்க்குள் பீய்ச்சினால் நெஞ்சில் ஏறிவிடும். ஓரத்தில் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். முருங்கைக்கீரையும் மஞ்சள்கருவும் பிசைந்த தட்டை விடாமல் தட்டுவேன். ஒரு நாள் காலையில், பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று அம்மா கத்திக்கொண்டிருக்கும்போது, நீலக் கோலியை ஒரு கொத்து. அடுத்த கொத்தில் மஞ்சள்கரு. அன்றைக்கு இரண்டாவது மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குப் போனேன்.

அதன்பின் கரையான். இதில் அப்பத்தா கெட்டிக்காரி. பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் மக்கிய பனைமட்டையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, அந்தியில் கரையான் ஓடும் இடத்தில் கவிழ்த்து வைப்பார். விடிந்து நிமிர்த்தினால் பானைக்குள் வெள்ளையாக மொய்த்துக் கிடக்கும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் புரதம் வேண்டும் என்கிறார்கள்; கோழிக்குஞ்சுக்கு அவ்வளவு தேவையில்லை. அப்பத்தாவுக்குப் புரதம் என்ற சொல்லே தெரியாது, பானை கவிழ்க்கத் தெரியும்.

கால் நேரானது. நூலை அவிழ்த்த நாளிலிருந்து என் பின்னாலேயே திரிந்தது. குடத்தோடு நான் பாத்தி பாத்தியாகப் போனால் அதுவும் வரும், ஈர மண்ணில் புழு பொறுக்கும். வகுப்பில் மூதுரை நடத்திய அன்று மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழியைச் சொல்லிப் பிள்ளைகள் என்னைக் கேலி செய்தார்கள். ஔவைமேல் எனக்குக் கொஞ்ச நாள் கோபம்.

பெட்டை என்று நினைத்துத்தான் வளர்த்தோம். ஆடியில் ஒருநாள் இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, வாலை விரித்து, மூக்குச் சதை தொங்க வந்து நின்றது. சேவல்! கோபம் வந்தால் தலை சிவக்கும், பிறகு நீலம், பிறகு வெளுப்பு. 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியைப் பார்த்த ஜஹாங்கீர் பாதுஷாவும் இந்த நிறமாற்றத்தைத்தான் பச்சோந்தியோடு ஒப்பிட்டு எழுதிவைத்தார். அவருடைய ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழி லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவில் போட்ட ஒவ்வொரு வேட்டுக்கும் எங்கள் சேவல் தோட்டத்திலிருந்து பதில் கொடுத்தது.

மனுசக் கையில் வளர்ந்த சேவலுக்கு மனுசர்தான் இனம், மனுசர்தான் எதிரி. தபால்காரரை விரட்டியது. நாற்று வாங்க வந்த வியாபாரியை வேலி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்தது. அப்பத்தா கம்பில்லாமல் கொல்லைக்குப் போவதை நிறுத்திவிட்டார். என்னை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஐப்பசியில் ஒருநாள் அதற்கும் முடிவு வந்தது, முழங்காலில் இன்றும் தழும்பு இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முன் பாம்பனிலிருந்து ஒருவர் கறிக்கு விலை கேட்டு வந்தார். வாசலைத் தாண்டியதுமே பறந்து போய் அவர் தொடையில் மோதியது. அவர் கீழே விழுந்து எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கருவாடு காயப்போடும் களம் உண்டு. நாயும் காக்கையும் பெரிய தொல்லை.

“அறுக்க வேணாம். காவலுக்குக் குடுங்க” என்றார்.

காவலுக்கு என்றால் விலை வேறு என்று அப்பா ஐம்பது ரூபாய் கூட்டிச் சொன்னார்.