வளைகிற இடத்தில் ஒரு மூட்டு

ஈ அடிக்கிற மட்டை ஒன்றுக்காக ஒரு வருடத்தையும் நாலு லட்சம் ரூபாய்க்கு மேலும் செலவழித்தவன் நான். கோவை கணபதியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், நாலு ஆட்கள். பம்பு கம்பெனிக்கு மூடி, கோழிப் பண்ணைக்குத் தண்ணீர்க் கிண்ணம் என்று யாராவது வரைந்து கொடுப்பதை அடித்துக் கொடுப்பதுதான் தொழில். இருபது வருடமாக அடுத்தவர் பொருளையே செய்து பழகிய கைக்கு, நமக்கென்று ஒரு பொருள் வேண்டும் என்ற ஏக்கம் ஒரு கட்டத்தில் வந்துவிடுகிறது.

விதை போட்டது அம்மா. ஒரு மாம்பழக் காலத்தில், உடைந்த மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "பிடி முழுசா இருக்குது, தலை போனதுக்கு மொத்தத்தையும் எறியறோமே கண்ணு" என்றார். எனக்கு அது பொறியாகப் பட்டது. தலையை மட்டும் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளும்படி ஒரு மட்டை செய்தால்? அன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனவன் ஈயைப் பற்றிப் படிக்கும்படி ஆயிற்று. மினுக்குகிற விளக்கு நொடிக்கு ஏறத்தாழ 60 மினுக்கைத் தாண்டினால் நம் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத் தெரியும். ஈயின் கண் 200-க்கு மேலும் பிரித்துப் பார்க்கும். நாம் ஓங்கி அடிப்பது அதற்கு நிதானமாக வருகிற ஒன்று. அமெரிக்காவில் கால்டெக் விஞ்ஞானிகள் பழ ஈக்களை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2008-இல் ஒன்றைக் காட்டினார்கள். ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, தாவுவதற்கு முன்பே ஈ கால்களை மாற்றி ஊன்றிக்கொள்கிறதாம். கையால் அடித்தால் தப்புவதற்கு இன்னொரு காரணம், கை முன்னால் தள்ளிக்கொண்டு போகும் காற்று. அதனால்தான் மட்டையில் ஓட்டைகள். ராபர்ட் மான்ட்கோமரி என்பவர் 1900-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மட்டையிலேயே கம்பி வலைதான் தலை. 1905 வாக்கில் கன்சாஸில் சாமுவேல் கிரம்பைன் என்ற சுகாதார அதிகாரி ஈக்களுக்கு எதிராக இயக்கம் நடத்தியபோது, ஃபிராங்க் ரோஸ் என்ற பள்ளி ஆசிரியர் ஓர் அளவுக்கோலின் முனையில் ஜன்னல் வலைத் துண்டை அடித்து மட்டையாக்கினார். இந்தக் கடைசித் தகவலையும் நோட்டில் எழுதி வைத்தேன். எழுதினேனே தவிர, அதில் எனக்குச் சொல்லப்பட்டது என்ன என்று அப்போது பார்க்கவில்லை.

நோட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் பக்கத்தில் "வீணாகும் பிளாஸ்டிக் குறையும்" என்று ஒரே ஒரு வரி. அடுத்த மூன்று பக்கமும் கணக்கு. 5,000 பிடி விற்றால், ஒரு வீட்டுக்கு வருடம் மூன்று தலை, தலை ஒன்றுக்கு 12 ரூபாய், வருடம் 1,80,000 ரூபாய். ஒரு தடவை பிடியை வாங்கினவர்கள் காலத்துக்கும் என்னிடம் தலை வாங்க வர வேண்டும். 1903-இல் பிளேடு மாற்றும் ரேசரை விற்க ஆரம்பித்த கிங் ஜில்லெட்டின் பெயரைக்கூட ஓரத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் முதல் பக்கத்தைச் சொன்னேன். நான் வேலை செய்தது அடுத்த மூன்று பக்கங்களுக்காக.

அதனால் மூட்டில்தான் என் முழுக் கவனமும் போனது. பிடி கெட்டியான பி.பி. பிளாஸ்டிக். தலை மெத்தென்ற எல்.டி. தலையின் அடியில் ஒரு குழிவு. பிடியின் கழுத்தில் மூன்று நாக்குகள். ஒன்றுக்கொன்று கோணம் மாறியிருக்கும் அந்த நாக்குகளில், நான் செய்த தலையைத் தவிர வேறெதுவும் உட்காராது. அந்த மூன்று நாக்குக்கு மட்டும் இரண்டு மாதம் வரைந்தேன்.

டை, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு, செய்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் பட்டறை வைத்த நாளிலிருந்து என் டைகளெல்லாம் அவர் கையில் உருவானவை. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். படத்தை மேசையில் விரித்து, கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏந்தம்பி இத்தனை சிக்கல்? ஒரு போல்ட்டு நட்டு போட்டா ஆகாதுங்களா?"

"போல்ட்டு போட்டா ஆளாளுக்கு எதையாவது மாட்டிக்குவாங்கண்ணா."

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பென்சில் முனையைக் கழுத்தின்மேல் வைத்தார். "இந்த எடம் வளையோணும் தம்பி. வளையிற எடத்துல மூட்டு வெச்சா அங்கதான் ஒடையும்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாத வேலையை இரண்டு வாக்கியத்தில் தள்ளிவிட்டாரே என்று இருந்தது. "படத்துல இருக்கறதச் செஞ்சு குடுங்கண்ணா, போதும்" என்றேன். அவரிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை. படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். சொன்ன தேதிக்குச் சொன்ன அளவில் இரண்டு டையும் வந்தது. பில்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீ வரும்வரை உட்காராமல் கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் என் பட்டறைப் பக்கமே வரவில்லை.

டைகளுக்கு மட்டும் 3,80,000 ரூபாய். அதில் பாதி என் மனைவியின் வளையலும் ஆரமும் அடகுக்குப் போய் வந்த பணம். ஒரு பிடி, இரண்டு தலை சேர்த்து 60 ரூபாய் என்று பை போட்டு, கோவை, ஈரோடு, நாமக்கல் கடைகளில் வைத்தோம். பக்கத்திலேயே சாதா மட்டை 20 ரூபாய்க்குத் தொங்கியது. இருந்தாலும் முதல் 2,000 பை போய்விட்டது. மனைவியிடம் நகையைத் தீபாவளிக்குள் மீட்டுவிடலாம் என்று சொன்னேன்.

இரண்டாம் மாதத்திலிருந்து உடைந்த மட்டைகள் திரும்பி வர ஆரம்பித்தன. வந்தவற்றை மேசையில் வரிசையாக வைத்தேன். உடைந்தவை எல்லாமே நாக்கின் அடியில், ஒரே இடத்தில் உடைந்திருந்தன. உடையாமல் வந்த ஒன்றிரண்டிலும் அந்த இடம் வெளுத்துப் போயிருந்தது. பி.பி. தாங்க முடியாமல் இழுபடும்போது அப்படித்தான் வெளுக்கும். மட்டை மேசையில் பட்டதும் தலை நின்றுவிடுகிறது. கையும் பிடியும் நிற்பதில்லை. அந்த வேகம் முழுவதையும் கழுத்துதான் வாங்க வேண்டும். ஒரே வார்ப்பான சாதா மட்டையில் நீளமான மெல்லிய கழுத்து வளைந்து அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். நான் அந்த வளைவை எடுத்துவிட்டு, கூர்மூலை வைத்த மூன்று நாக்குகளின் தலையில் மொத்தத்தையும் இறக்கியிருந்தேன்.

இதெல்லாம் இன்றைக்கு எழுத வருகிறது. அன்றைக்கு நான் குறை சொன்னது பிளாஸ்டிக்கை. குருணையை மாற்றி, அடி தாங்கும் கோபாலிமர் வாங்கி, இன்னும் 60,000 ரூபாய் போட்டு மறுபடி அடித்தேன். அது கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கியது. ஆனால் டீக்கடையிலும் கறிக்கடையிலும் மட்டை வெயிலில்தான் தொங்கும். வெயில் பட்ட பி.பி. நாளாக நாளாக மொறுமொறுப்பாகிவிடும். ஒல்லியான நாக்குகள்தான் முதலில் போயின.

மாற்றுத் தலையின் கதை வேறு. அதைக் கடைக்காரர்கள் வாங்கவே மறுத்துவிட்டார்கள். "மட்டையாக் குடுங்க, மாட்டி வெக்கிறோம். 12 ரூபாய் தலையைத் தனியா எங்க வெக்கிறது, யாரு வந்து கேப்பாங்க?" என்றார் ஈரோட்டுக் கடைக்காரர் ஒருவர். 4,000 தலைகள் மூட்டை மூட்டையாகப் பட்டறைப் பரணுக்கு ஏறின. தீபாவளி வந்து போனது. மனைவி கவரிங் வளையல் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கடுத்த சித்திரையில் தண்ணீர்க் கிண்ண ஆர்டர் விஷயமாக நாமக்கல் போனேன். அந்தப் பக்கம் கூண்டுக் கோழிப் பண்ணைகள் அதிகம். கூண்டுக்கடியில் சேரும் எச்சம் ஈரமாக இருந்தால் போதும், ஈ முட்டையிடும். வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் முட்டை ஈயாகிவிடும். பண்ணையை ஒட்டிய சாலையோரக் கடைகளில் மட்டை இல்லாமல் பிழைப்பு ஓடாது. அப்படி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்து மூங்கில் தூணில், ஆணியில் ஒரு மட்டை தொங்கியது. பிடி பச்சை நிறம். தூரத்திலேயே தெரிந்துவிட்டது, என் பச்சைதான். நடுவில் விரலுக்கென்று நான் வைத்திருந்த குழிவும் தெரிந்தது. தலைதான் என்னுடையதில்லை.

எழுந்து போய்க் கையில் எடுத்துப் பார்த்தேன். தலை ஒரு ஹவாய்ச் செருப்பின் அடிப்பாகம். ஓரத்தைச் சதுரமாக வெட்டியிருந்தது. பழுக்கக் காய்ச்சிய குடைக்கம்பியால் குத்திய ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஓட்டைகளின் விளிம்பில் ரப்பர் உருகிக் கறுத்திருந்தது. கழுத்தைப் பார்த்தேன். மூன்று நாக்கில் ஒன்று முன்பே உடைந்திருக்க வேண்டும். மீதி இரண்டையும் கத்தியால் சீவியிருந்தார்கள். ஒரே சீவலில்லை, இப்படியும் அப்படியுமாக, பொறுமையாக, அந்த இடம் தட்டையாகும்வரை சீவியிருந்த தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. தட்டையான கழுத்தில் செருப்புத் துண்டை வைத்து, சைக்கிள் டியூப் நாடாவால் இறுக்கிச் சுற்றியிருந்தது. ஆட்டிப் பார்த்தேன். செருப்பும் டியூபும் சேர்ந்து வளைந்து, திரும்பி நேராயின.

நான் இரண்டு மாதம் வரைந்தது அந்த நாக்குகளைத்தான். அந்த மட்டை வேலை செய்வதற்கு, முதலில் அவற்றைச் சீவி எறிய வேண்டியிருந்தது.

"ஏங்கக்கா, இது கடையில வாங்கினதுங்களா?"

"பிடி வாங்குனதுங்க சாமி. தலை ஒடைஞ்சு போச்சு. மாத்துத் தலைன்னு ஒண்ணு குடுத்திருந்தாங்க, அதுவும் ஒரு வாரத்துல நிக்கலை. கடையில கேட்டா, அது வர்றதில்லைன்னுட்டாங்க. பிடி நல்லாத்தான இருக்குது, எறிய மனசு வல்லை."

அம்மா சொன்ன அதே சொல். அம்மா சொன்னதைக் கேட்டுத்தான் நான் கிளம்பினேன். அவர் பேசியது கையில் இருந்த பிடியைப் பற்றி. நான் அதை விற்க வேண்டிய தலைகளின் கணக்காக மாற்றிக்கொண்டேன். கன்சாஸ் வாத்தியார் அளவுக்கோலும் வலைத் துண்டுமாகச் செய்தது நினைவுக்கு வந்தது. அவர் மட்டை கிழிந்தால் எந்த வீட்டிலும் அன்றைக்கே ஒட்டுப் போட்டிருக்கலாம். வீட்டில் கிடப்பது எதுவும் மாட்டிவிடக் கூடாது என்றுதான் நான் இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன்.

அந்தப் பிடியைச் செய்தவன் நான்தான் என்று அந்த அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மட்டையை ஆணியில் மாட்டினேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். கோவை வந்து சேரும்வரை அந்தக் கத்தித் தடங்களே கண்ணில் நின்றன.

மறுநாள் காலையில் அண்ணனின் லேத் பட்டறைக்குப் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் கோத்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. உடைந்த கழுத்து ஒன்றை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். "நீங்க சொன்ன எடத்துலயே ஒடைஞ்சிருக்குதுங்கண்ணா. அன்னைக்கு நான் பேசுனது தப்பு." அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொல்லச் சொன்னார்.

புது டை போடப் பணமில்லை. பழைய பிடி டையிலேயே கழுத்துப் பகுதியை மட்டும் வெட்டி, வேறு துண்டு வைத்துக் கொடுத்தார். நாக்கெல்லாம் போய்விட்டது. நீளமாக, வளையும்படி ஒரு கழுத்து. நுனியில் ஒரு பிளவு, குறுக்கே இரண்டு ஓட்டை, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற போல்ட்டும் விங் நட்டும். மூலைகளையெல்லாம் அவரே அரம் போட்டு உருட்டினார். செருப்போ, ரெக்சினோ, கொசுவலை மடிப்போ, எதை வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். அதில் பெரிதாக லாபமில்லை. நகையை மீட்க அதன் பிறகும் இரண்டு வருடம் ஆனது.

மாற்றிய டையில் முதலில் அடித்த பிடிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த டீக்கடைக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன்: "அந்தப் பச்சைப் பிடி நான் செஞ்சதுங்க அக்கா. தலை நிக்காமப் போனது என் தப்புங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புதுப் பிடியை வாங்கிப் பிளவுக்குள் விரல் விட்டுப் பார்த்தார். "இதுக்குத் தலை எங்கீங்க?"

"உங்ககிட்ட இருக்குதுங்களே அக்கா."

அவர் ஆணியிலிருந்த மட்டையை எடுத்து டியூபை அவிழ்த்தார். செருப்புத் துண்டைப் பிளவில் சொருகி நட்டைத் திருகினார். பெஞ்சின் மேல் ஓங்கி ஒரு அடி அடித்துப் பார்த்துவிட்டு, ஆணியில் மாட்டினார். பழைய பச்சைப் பிடியை மட்டும் கையிலேயே வைத்திருந்தார்.

"இதையும் வெச்சுக்கறனுங்க சாமி" என்றார். "எதுக்காவது ஆகும்." சொல்லிவிட்டு, பொங்கி வந்த பாலை இறக்கப் போனார்.